சம்பளம் நிறுத்தப்பட்ட நாள்

முன்னோரைத் தேடுவது நல்ல காரியம் என்பதில் நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. கொஞ்ச நாளாக நம் கவிதைகளிலும் மூதாதையர் நடமாட்டம் அதிகமாகியிருக்கிறது. மூதாதை என்று எழுதிவிட்டால் வரிக்கு ஒரு கனம் சேர்ந்துவிடுவதாக நினைக்கிறோம். நானும் இதற்கு விலக்கல்ல. இந்தக் காரியத்தின் தார்மிகம் பற்றி எனக்கு ஒரு கேள்வி எழுந்தது சமீபத்தில்தான். எழுப்பியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவரைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கியது, என் வீட்டு ஆசாரத்துச் சுவரில் வந்து நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் சரித்திரம் போதிக்கும் நண்பர் ஒருவர் அவரை என்னிடம் அனுப்பிவைத்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதை நெருங்கும் வயது. கையில் தடித்த கோப்பு ஒன்று. அவர் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி வந்து, கோயமுத்தூரில் செத்துப்போனான். அவன் செத்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் வந்த காரியம்.

கோட்டைமேட்டுக்கு அழைத்துப் போனேன். கோட்டை இல்லாத கோட்டைமேடு. ஈஸ்வரன் கோயிலின் பேரிலும் தெருவின் பேரிலும் மட்டும்தான் கோட்டை மிச்சமிருக்கிறது. அவர் பழைய வரைபடத்தின் நகலைப் பிரித்து வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். ஒரு தையல்கடை முன்னால் வெகுநேரம் நின்று, கடையைப் படம் எடுத்துக்கொண்டார். தையல்காரர் தன்னைத்தான் எடுக்கிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு எதுவும் விளக்கத் தோன்றவில்லை எனக்கு.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். நான் முப்பத்தைந்து வருஷம் மில் ஆபீஸில் கணக்கெழுதியவன். காகிதங்களை ஒருவன் எப்படி அடுக்கியிருக்கிறான் என்பதிலிருந்தே ஆளை எடை போட்டுவிடுவேன். ஒரு காகிதம்கூட இடம் மாறியிருக்கவில்லை.

அவருடைய மூதாதை இருந்த ரிஜிமெண்டின் கதை கேட்கத் தகுந்தது. 1778ல் ஸீஃபோர்த் பிரபு தன் ஆளுகைக்குட்பட்ட வடமேட்டு நிலங்களிலிருந்து திரட்டிய படை அது, எண் 78. ஆட்கள் பெரும்பாலும் கேலிக் மொழி பேசிய குடியானவர்கள். அவர்களுக்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தம் கிடையாது. பிரபுவின் நிலத்தில் குடியிருந்தார்கள், பிரபு கூப்பிட்டார், போனார்கள். அதே வருஷம் செப்டம்பரில் எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் கப்பலேறச் சொன்னபோது, தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. மக்ரே குலத்தவர் முன்னின்றார்கள். துப்பாக்கியோடு அணிவகுத்துப்போய் ஆர்தர் ஸீட் என்ற குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஊர் ஜனங்கள் கீழிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மன்னிப்பும், பாக்கிச் சம்பளமும், கிழக்கிந்தியாவுக்கு அனுப்பமாட்டோம் என்ற வாக்கும் கிடைத்த பிறகுதான் சில நாள் கழித்து இறங்கி வந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1781ல், அதே ரிஜிமெண்ட் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1782 ஏப்ரலில் சென்னை வந்து சேர்வதற்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கப்பலிலேயே செத்தார்கள். கூப்பிட்ட பிரபுவும் வழியில் செத்தார். மிஞ்சியவர்கள் ஹைதர் அலியையும் பிறகு திப்புவையும் எதிர்த்த யுத்தத்தில் சேர்க்கப்பட்டார்கள். 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாலக்காட்டுக் கோட்டையையும் அடுத்துக் கோயமுத்தூரையும் பிடித்தபோது அவர் சேனையில் இந்த ரிஜிமெண்டும் இருந்தது.

ஆசிரியரின் மூதாதை அந்த வருஷம் முடிவதற்குள் இங்கே செத்தான். எப்படிச் செத்தான் என்பது காகிதத்தில் இல்லை. சண்டையோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ. ஆனால் செத்த தேதி இருக்கிறது. லண்டனையடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய ரிஜிமெண்டுகளின் மஸ்டர் ரோல்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அதில் இன்ன தேதி வரை அவனுக்குச் சம்பளம் எழுதி, அப்புறம் கோடு இழுத்திருக்கிறது.

"அன்றோடு சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் எனக்குத் தெரிகிறது" என்றார்.

எனக்கு இது உடனே புரிந்தது. மில்லில் மஸ்டர் ரோல் எதற்கு என்று எனக்குத் தெரியும். மனிதனை ஞாபகம் வைத்துக்கொள்ள எவனும் மஸ்டர் எழுதுவதில்லை. அவன் பேருக்கு வேறொருவன் காசு வாங்கிவிடக் கூடாதே என்று எழுதுகிறான். அவன் பேர்கூட அவன் பேராக அதில் இல்லை. கேலிக் உச்சரிப்பை ராணுவக் குமாஸ்தா இங்கிலீஷுக்குத் தோதாக வெட்டி எழுதியிருக்கிறான். நம் கிராமத்துப் பேர்களை வெள்ளைக்கார குமாஸ்தா என்ன பாடுபடுத்தினான் என்று பார்த்திருக்கிறோம். அதற்கு முன்னாலேயே அவன் தன் வீட்டுக்குள் பழகிக்கொண்டிருக்கிறான்.

என் மனசில் இருந்ததைக் கேட்டேன். அந்தச் சேனை கடந்துபோன ஊர்களில் தானியம் மிஞ்சியிருக்காது, மாடு மிஞ்சியிருக்காது. அந்த மூதாதையின் சாவுக்கு வருத்தப்பட இவ்வளவு தூரம் வந்தவர், அவன் சாகுமுன் இங்கே சாப்பிட்டது யாருடைய கம்பு என்று கேட்டிருக்கிறாரா? கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கேட்டிருக்கிறேன். அதற்குக் காகிதம் இல்லை" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ரத்தம் எனதென்றால் குற்றமும் எனது, இரண்டும் ஒரே பொட்டலமாகத்தான் வரும், பிரித்து வாங்க முடியாது என்றெல்லாம் ஒரு தர்க்கம் அப்போது கையில் இருந்தது. நல்ல தர்க்கம். அடுத்தவரிடம் சொல்ல மிகவும் சௌகரியமானது.

உங்களுக்கு எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டதற்கு அவர் காலின் மெக்கன்ஸியை ஞாபகப்படுத்தினார். மெக்கன்ஸியின் கதை நமக்குப் பாதிதான் தெரியும். லூயிஸ் தீவில் ஸ்டோர்னொவே என்ற ஊரில் பிறந்தவர். 1783ல் சென்னைக்கு வந்து, அந்த யுத்தத்தின் கடைசியில் கோயமுத்தூர், திண்டுக்கல் சீமைகளில் வேலை செய்தவர். 1815ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். ஊர் ஊராக ஆளனுப்பிச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் கைபீதுகளையும் சேகரித்தார். ஊர் திரும்பாமலே 1821ல் கல்கத்தாவை அடுத்துச் செத்தார். சேகரிப்பை அவருடைய விதவையிடமிருந்து கம்பெனி அரசாங்கம் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. கொங்கு நாட்டுச் சரித்திரம் எழுதப் புகும் எவனும் முதலில் போய் மோதிக்கொள்ளும் ‘கொங்கு தேச ராஜாக்கள்’ அந்தச் சேகரிப்பில் இருந்ததுதான். நம் கோவைகிழார் சி. எம். ராமச்சந்திரஞ் செட்டியார் பதிப்பித்து 1950ல் சென்னை அரசாங்கம் அதை அச்சிட்டது.

இவ்வளவும் தெரிந்ததுதான். தெரியாத பாதி இது: மெக்கன்ஸிக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது? ஸ்காட்லாந்தில் நேப்பியர் பிரபு என்பவர், மடக்கையைக் கண்டுபிடித்த தன் மூதாதை ஜான் நேப்பியரின் வாழ்க்கையை எழுத நினைத்தார். இந்துக்களின் கணித அறிவு பற்றி அதற்குத் தகவல் சேர்க்க இளம் மெக்கன்ஸியை அமர்த்தினார். பிரபு செத்துப்போனார், புஸ்தகம் எழுதப்படவில்லை. மெக்கன்ஸி இங்கே வந்தபிறகு மதுரையில் இருந்த பிரபுவின் மகள் அவரை அங்கே வரவழைத்துப் பண்டிதர்களோடு பழக வைத்தாள். ஆக, ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பம் தன் கொள்ளுத் தாத்தாவைத் தேடிய தேட்டத்தின் ஓரத்தில்தான் நம் ராஜாக்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள். இதற்கு நன்றி சொல்வதா, கூசுவதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமில்லை. 1816ல் தாமஸ் ஹிக்கி வரைந்த மெக்கன்ஸியின் படம் இருக்கிறது. சிவப்புக் கோட்டில் நடுவே அவர், சுற்றி மூன்று இந்தியர்கள். நடுவில் நிற்கிறவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சுற்றி நிற்கிறவர்கள் யார் யார் என்று பிற்கால ஆராய்ச்சிதான் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்பின் பின்பகுதியில் போட்டோக்கள். கடைசியாக ஒன்று: குட்டைப் பாவாடையும் தொப்பியுமாக இருபது வயசு மதிக்கத்தக்க பையன். ஆசிரியரின் தாத்தாவுக்குத் தம்பி. 1783ல் இங்கே வந்த அதே ரிஜிமெண்ட் பிறகு 72 என்று எண் மாறி, 1881ல் ஸீஃபோர்த் ஹைலேண்டர்ஸின் முதல் பட்டாலியன் ஆயிற்று. பையன் அதில் சேர்ந்து, 1916ல் மெசபடோமியாவில் செத்தான். உடல் கிடைக்கவில்லை. பஸ்ரா ஞாபகச் சின்னத்தில் அவன் பேர் வெட்டியிருக்கிறது.

பஸ்ரா என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் வீட்டிலும் ஒரு பஸ்ரா இருக்கிறது என்று சொல்லி, சத்தி ரோட்டு நெரிசலில் அவரை சரவணம்பட்டிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். 2011ல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு ஊர் என்று சொல்லிக்கொள்ள இங்கே அதிகம் மிச்சமில்லை. நாங்கள் கவலை இறைத்த கிணறு கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு அடியில் எங்கோ இருக்கிறது. வீட்டில் பழைய ஆசாரம் மட்டும் இடிக்காமல் நிற்கிறது. அதன் சுவரில் என் ஞாபகம் தெரிந்த நாளாக ஒரு போட்டோ. பட்டாள உடுப்பு, தலைப்பாகை, காலில் பட்டி சுற்றிய ஒரு வாலிபன், வரைந்த திரைச்சீலை முன்னால், பூஜாடி வைத்த முக்காலியில் கைவைத்து நிற்கிறான். பெங்களூரில் எடுத்தது. அட்டையில் ஸ்டூடியோவின் பேரைக் கரையான் தின்றுவிட்டது. என் அப்பாருவுக்கு அண்ணன், பஸ்ரா சண்டைக்குப் போய்த் திரும்பாதவர் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வம்சத்தில் ஊர் எல்லை தாண்டிய ஒரே ஆள் என்று எனக்கு அவர்மேல் ஒரு மோகம்கூட உண்டு. சின்ன வயதில் அவரைப் பற்றி நான்கைந்து கவிதை எழுதி, நல்லவேளையாக எங்கும் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

ஸ்காட்லாந்துக்காரர் போட்டோவைக் கையில் வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய், பின்புறம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "இது அவர்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்களிடம் காகிதம் இல்லாமல் இருக்கலாம், வாய் இருக்கிறது என்றேன். அலெக்ஸ் ஹேலி 1976ல் ‘ரூட்ஸ்’ வெளியிட்டதையும், அதன் வம்சாவளி பத்திரங்களோடு ஒத்துப்போகவில்லை என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் காட்டியதையும், அதனால் அந்த நாவலின் தேவை குறைந்துவிடவில்லை என்பதையும் சொன்னேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

பஸ்ரா ஞாபகச் சின்னத்தைப் பற்றி நான் படித்தது அப்புறம்தான். 1929ல் திறந்தது. மெசபடோமியாவில் செத்துக் கல்லறை தெரியாதவர்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கானது. முன்பு ஷாட்-அல்-அரப் ஆற்றங்கரையில் இருந்தது. 1997ல் ஈராக் அரசாங்கம் பெயர்த்தெடுத்து, நாஸிரியா போகும் சாலையில் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பேர் பேராக வெட்டப்பட்டிருக்கிறார்கள். இந்திய அதிகாரிகளுக்கும் பேர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு ரிஜிமெண்டின் பேருக்குக் கீழே எண்ணிக்கை மட்டும். இன்ன படை, இத்தனை பேர். ஆசிரியரின் பையனுக்குப் பேர். அவனோடு அதே மண்ணில் செத்தவனுக்கு ஒரு இலக்கத்தில் பங்கு.

காலம் அப்படி என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். என் சரித்திர நண்பரும் சொன்னார்: இன்றைய அளவுகோலைக் கொண்டு அன்றைய மனிதனை அளக்காதே. இந்த வாக்கியம் நம்மிடையே ஒரு விவேகம்போல் புழங்குகிறது. நான் இதை ஏற்கவில்லை. செத்தவர்களிடையே பதவி அந்தஸ்து பார்க்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே மரியாதை என்று பிரெடெரிக் கென்யன் அறிக்கை எழுதிக் கொடுத்தது 1918ல். பிரான்ஸில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர்களின் பேர்களைச் சிப்பாய், கூலியாள் வித்தியாசமில்லாமல் கல்லில் வெட்டி 1927ல் திறந்தார்கள். பஸ்ராவுக்கு இரண்டு வருஷம் முன்னால். ஆக அளவுகோல் அன்றைக்கே இருந்தது, அவர்கள் கையிலேயே இருந்தது. ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் எடுத்தார்கள், படாத இடத்தில் எடுக்கவில்லை. யுத்தக் கல்லறைக் கமிஷனே 2021ல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பேரோடுகூடிய ஞாபகமே இல்லாமல் போயிற்று. இன்று கமிஷனின் பதிவேட்டில் பஸ்ராவின் இந்தியச் சிப்பாய்களைப் பேர் சொல்லித் தேடலாம். சிலருக்கு நேரே தகப்பன் பேரும் ஊரும் ஜில்லாவும்கூட இருக்கும்.

பெரியப்பாருவின் பேரை அதில் தேடினேன். பலவிதமாக எழுத்துக்கூட்டித் தேடினேன். இல்லை. அதைச் சொல்லிக் குறைப்படத்தான் அத்தையிடம் போனேன். அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் தெரியாது, ஞாபகம் பழுதில்லை.

"எங்க பெரியய்யன் பட்டாளத்துக்கே போகலை கண்ணு. பாலக்காட்டுப் பக்கம் மாட்டு யாவாரத்துக்குப் போனவிய அங்கியே காச்சல்ல செத்துப்போனாங்க. செவுத்துல இருக்கறது நம்ம தோட்டத்துல வேலைக்கிருந்த பையன். தபாலெல்லாம் நம்மூட்டுக்குத்தான வரும்? படமும் இங்கதான் வந்துச்சு. அவங்காத்தாகாரி அமாவாசையானா வந்து வாசல்ல நிப்பா. நான் புள்ளையா இருக்கறப்ப பாத்திருக்கறேன். எங்காத்தா படத்தைக் கழட்டிக் கொண்டுபோயித் திண்ணையோரத்துல வெப்பாங்க. பாத்துப்போட்டு, அழுதுபோட்டுப் போவா."

"படத்தை அவகிட்டயே குடுத்திருக்கலாமே, அத்தை."

"குடுத்தா எங்க மாட்டுவா? அவளுக்குச் செவுரு ஏது?"

பேர் என்ன என்று கேட்டேன். "பேரு கீரு ஆருக்குத் தெரியும். ‘டேய்’னுதான் கூப்பிடுவாங்க."

திரும்பி வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்வை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையே. அது வெட்கமல்ல. ஏமாற்றம். என்னுடையது என்று நினைத்திருந்த ஒன்றைப் பறிகொடுத்த எரிச்சல். போட்டோவில் எதுவும் மாறவில்லை. அதே தலைப்பாகை, அதே முக்காலி, ஸ்டூடியோக்காரன் அசையாதே என்று சொன்னதற்குக் கட்டுப்பட்ட அதே விறைப்பு. பதினோரு ரூபாய் மாசச் சம்பளத்துக்குக் கடல் தாண்டியவன் அதே தூரம்தான் போயிருக்கிறான், அதே சாவுதான் செத்திருக்கிறான். ஆனால் அவன் என் ரத்தமில்லை என்று தெரிந்ததும் படம் சின்னதாகிவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷம் நான் அதில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? முன்னோரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நாம் தேடுவது பெரும்பாலும், பழைய உடுப்புப் போட்டுக்கொண்ட நம்மையேதான் என்று எனக்குப் பட்டது. கூட்டம், காணி, குலதெய்வம் என்று நம் பக்கத்தில் நடக்கும் வம்சத் தேடல்களும் இதிலிருந்து அதிகம் விலகியவை என்று நான் நினைக்கவில்லை. நிலம் இருந்தவனுக்குத்தான் பட்டயம் இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல சிந்தனையாக முடிந்திருக்கும். நான் கணக்குப்பிள்ளை. காகிதத்தைத் தேடாமல் இருக்க முடியவில்லை. அப்பாரு எழுதிய தோட்டக் கணக்கு நோட்டு பரணில் தகரப்பெட்டிக்குள் இருந்தது. நள வருஷம், 1916. கையெழுத்து அச்சடித்தது போலிருக்கிறது. என் கையெழுத்தும் ஏறக்குறைய அதேதான், அதை நான் முன்பு கவனித்ததில்லை. ஒவ்வொரு மாசமும் முதலில் மாடுகள்: மயிலை, காரி, செவலை, கொம்பு மடங்கினது. எந்த மாட்டுக்கு லாடம், எதற்குப் பருத்திக்கொட்டை எவ்வளவு, எது நொண்டுகிறது. அடுத்து ஆட்கள்: "ஆள் 6, கம்பு" என்று வள்ளக் கணக்கு. வேறொன்றுமில்லை. சித்திரை ஆள் 6. வைகாசி ஆள் 5.

அவன் புறப்பட்டுப் போன மாசம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதோடு கம்பு நிறுத்தப்பட்டிருக்கிறது.

ஆனி மாச வரவில் ஒரு வரி: "தெற்குத் தோட்டத்துச் சாளை பிரித்த வகையில் மூங்கில் 14, பனைவாரை 6." ஆள் போய்விட்டான், ஆளுக்குக் கொடுத்த சாளை எதற்கு என்று பிரித்திருக்கிறார்கள். தாய் அதில்தான் இருந்திருக்க வேண்டும். மூங்கிலை எண்ணி வரவு வைத்திருக்கிறார் அப்பாரு. அவளுக்குச் சுவர் ஏது என்று அத்தை கேட்டதற்கு விடை எங்கள் நோட்டிலேயே இருந்தது.

இங்கேயும் காலத்தைச் சாக்குச் சொல்ல வழியில்லை. அப்பாருவுக்கு அந்த ஆறு பேரின் பேரும் தெரியும். விடிந்ததும் வரப்பில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டவர் அவர். ‘டேய்’ என்றே கூப்பிட்டிருந்தாலும் எந்த ‘டேய்’ எவனுக்கு என்பது அவருக்குத் தெரியும். பேர் எழுதும் பழக்கமும் இருந்தது, மாட்டுக்கு எழுதியிருக்கிறார். பஸ்ராவில் கல்லில் செய்ததை அவர் அதற்குப் பத்துப் பதிமூன்று வருஷம் முன்னாலேயே பேனாவில் செய்திருக்கிறார். செத்தும் ஒரு இலக்கத்தில் பங்கு வாங்கியவன், உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் வாங்கியிருக்கிறான்.

ஸ்காட்லாந்துக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோட்டைமேட்டு டீக்கடையில் நான் வைத்த தர்க்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று. அது தப்பான தர்க்கம் என்பதால் இல்லை. ரத்தத்தோடு குற்றமும் வரும் என்று நான் சொன்னபோது, ரத்தம்தான் முதல் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையன் என் ரத்தமில்லை. ஆனால் அப்பாருவோடு என்னைக் கட்டியிருப்பதைவிடக் கெட்டியான ஒன்று அவனோடு என்னைக் கட்டியிருக்கிறது. அது அந்தப் பதினான்கு மூங்கில். அப்பாருவை நான் விரும்பினால் மறந்துவிடலாம், அவருக்கு நஷ்டமில்லை, அவருக்குப் பத்திரங்கள் இருக்கின்றன. இவனை மறப்பது என் இஷ்டத்தைப் பொறுத்ததல்ல. ஆசிரியர் பதில் எழுதினார். இரண்டே வரி. மஸ்டர் ரோலில் தன் மூதாதைக்குப் பக்கத்து வரிகளில் இருக்கும் பேர்களை அவர் இதுவரை படித்ததே இல்லையாம். இப்போது படிக்க ஆரம்பித்திருக்கிறாராம்.

நான் அவனைத் தேடலாமா கூடாதா என்பது இன்னொரு சிக்கல். ஒருமுறை ஆளாக வைத்திருந்த வீடு, இன்னொருமுறை ஆராய்ச்சியாக வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்வியோடு சில வாரம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது நிதானம்போல் தெரிந்தாலும், படம் என் சுவரிலேயே இருப்பதற்கு அது தோதாக இருந்தது என்பதையும் பார்த்தேன். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள், கோவில்பாளையத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள் என்பது மட்டும் அத்தைக்குத் தெரிந்திருந்தது. விசாரித்து விசாரித்து நான்கு மாசம் ஆயிற்று. தங்கையின் பேத்தி இப்போது கணபதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். திண்ணையில் உட்காரப் போனவர்களை உள்ளே வாருங்கள் என்று ஆசாரத்துக்குள் அழைத்தேன். அழைத்த விதத்தில் ஏதோ அதிகமாக இருந்திருக்க வேண்டும், என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். அழவில்லை.

"எங்க ஆளுன்னு தெரிஞ்சிருந்தும் இத்தனை வருஷம் உங்க செவுத்துலதான் இருந்துச்சுங்களா?"

எனக்குத் தெரியாது, எங்கள் பெரியப்பாரு என்று நினைத்திருந்தேன் என்றேன். அத்தை சொன்ன அமாவாசைக் கதையைச் சொன்னேன். சாளை பிரித்ததையும் சொன்னேன். சொல்லும்போது ‘பிரித்திருக்கிறார்கள்’ என்று, யாரோ செய்தது போல்தான் என் வாயில் வந்தது.

"அவங்க பேர் உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டேன். கமிஷனின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம் என்றேன்.

"தெரியுங்க" என்றார்கள். நான் பேனாவை எடுத்தேன். அவர்கள் சொல்லவில்லை. படத்தைக் கொண்டுவந்த துணிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "அந்தக் கணக்கு நோட்டையும் குடுப்பீங்களா?" என்று கேட்டார்கள்.

நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். நகல் வேண்டாம், நோட்டுதான் வேண்டும் என்றார்கள். அதில் எங்கள் வீட்டுக் கணக்கும் இருக்கிறது, அப்பாருவின் கையெழுத்து என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யோசித்து வையுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. நோட்டு மேஜைமேல் இருக்கிறது. வைகாசி மாசப் பக்கத்தில் அடையாளத்துக்கு நான் வைத்த காகிதத்தை எடுத்துவிடுவதா, அப்படியே விடுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.